நிண்டு வாங்க வேண்டிய கதிரை

கலட்டிப்புலத்திலை நோய்க்குப் பஞ்சமில்லை. நோயை ஒழிக்க ஒரு சபை இல்லாத குறைதான் கனகாலமா இருந்துகொண்டு வந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைச்சவர் பொன்னம்பலத்தார். மலாயாவிலை றெயில்வேக் கந்தோரிலை முப்பது வருஷம் உத்தியோகம் பாத்துப்போட்டு, பென்சனோடை ஊர் திரும்பின மனுசன். வந்த கையோடை வீடு கட்டினார், மதில் கட்டினார், கிணத்துக்குத் தொட்டி கட்டினார். பிறகு கட்டுறதுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை. சும்மா இருக்கவும் அவருக்குப் பழக்கமில்லை. கலட்டிப்புலம் ஆரோக்கிய விருத்திச் சபை எண்டு ஒரு சபையைக் கட்டினார். தான் காரியதரிசி. தலைவருக்குப் பிறக்கிராசி முத்துக்குமாரரைப் பிடிச்சார். கோட்டிலை வழக்குப் பேசுற மனுசன். தான் தலைமை தாங்காத கூட்டத்தைக் கூட்டமெண்டே மதிக்காத ஆள்.

சபையெண்டா சட்டதிட்டம் வேணும். அதுவும் பொன்னம்பலத்தாரிட்டை ஆயத்தமா இருந்தது. மலாயாவிலை அவர் காரியதரிசியா இருந்த விளையாட்டுக் கிளப்பின்ரை சட்டப் புத்தகத்தை றங்குப்பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டு வந்திருந்தார். கிளப்பின்ரை பேரை வெட்டிப்போட்டுச் சபையின்ரை பேரை எழுதினார். மிச்சத்திலை கை வைக்கேல்லை. வெள்ளைக்காரத் துரை ஒப்பம் வைச்ச சட்டத்தைத் திருத்த நாங்கள் ஆர் எண்டு கேட்டார். கொமிற்றியும் ஓம், நாங்கள் ஆர் எண்டு தங்களைத் தாங்களே கேட்டு, ஏகமனதா நிறைவேத்திப் போட்டினம்.

அதாலை, மழை பெய்தால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும் எண்டு ஆரோக்கிய விருத்திச் சபையிலை ஒரு சட்டம் இருந்தது. ஒரு மாரி மழைக்கு அம்மைப்பால் குத்த வந்த ஆளை அந்தச் சட்டப்படிதான் வாசல் படலையோடை திருப்பி அனுப்பினவை. அந்த முறை ஊரிலை அம்மை வந்தது. சபை அனுதாபத் தீர்மானம் நிறைவேத்திச்சுது.

இந்தச் சபைக்கும் சீவரத்தினத்துக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அவன் மிளகாயும் புகையிலையும் செய்யிற தோட்டக்காரன். துலா மிதிக்கிறதும் தண்ணி கட்டுறதும், பெரியவை எதிரை வந்தா சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு ஒதுங்கி நிக்கிறதும்தான் அவனுக்குத் தெரியும். பெரியவை ஒரு காரியத்தைச் செய்தா அதிலை ஏதோ நியாயம் இருக்குமெண்டு நம்புற சாதி மனுசன். நியாயம் தெரியாட்டில் தனக்கு விளங்கேல்லை எண்டு நினைப்பான்.

அவனுக்கு ஒரேயொரு பிள்ளை, குணலட்சுமி. ஏழு வயசிலை ஒரு நாள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். தாய் தங்கமுத்து, ஆரையோ பாத்துப் பழிப்புக் காட்டுறாளெண்டு முதுகிலை ஒண்டு வைச்சாள். அந்த அடியை நினைச்சு அவள் பிறகு அழாத நாளில்லை. எண்ணெய் போட்டுப் பாத்தினம், நூல் கட்டிப் பாத்தினம், நேத்தி வைச்சுப் பாத்தினம். கடைசியா அயலிலை இருந்த ஏரம்புவின்ரை மாட்டு வண்டிலிலை வைக்கல் பரப்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம்.

டொக்குத்தர் கிறகோரி ஒளிவுமறைவில்லாமல் கதைக்கிறவர். "இடுப்புப் பொருத்திலை எலும்பு இளகிப் போச்சுது. அது தன்பாட்டிலை திரும்ப இறுகும். இறுகும் வரைக்கும் இவள் படுக்கையிலை கிடக்க வேணும். கால் நிலத்திலை முட்டக் கூடாது. ஒருக்கா எழும்பி நிண்டாலும் பாரம் விழுந்து எலும்பு நசிஞ்சு போம். பிறகு சீவியத்துக்கும் ஊண்டுகோல்தான். விளங்குதோ?"

"எவ்வளவு காலத்துக்கு ஐயா?"

"ஒண்டரை வருஷம், ரண்டு வருஷம். எலும்புக்கு அவசரமில்லை. நீங்கள்தான் பொறுக்க வேணும்."

பொறுத்தினம். கட்டில் காலடியிலை கிணத்துக் கப்பி ஒண்டைப் பூட்டி, மண் மூட்டையைத் தொங்க விட்டு, டொக்குத்தர் சொன்னபடி காலை இழுத்துக் கட்டினான் சீவரத்தினம். தங்கமுத்து விடிய எழும்பிப் பிள்ளையைத் துடைச்சு, முதுகிலை புண் வராமல் மாப் போட்டு, படுத்த படுக்கையிலையே பேன் பாத்துத் தலை இழுத்து, சோறு தீத்தி, சட்டி வைச்சு எடுத்து, பொழுதுபடத் நோகிற நாரியைப் பிடிச்சுக்கொண்டு குந்துவாள். பிள்ளைக்குக் காலைக் கட்டி வைச்சா வாய் ஓடத்தானே செய்யும். ஒழுங்கையாலை போறது ஆரெண்டு செருமலிலையே சொல்லுவாள். முகட்டிலை இருக்கிற பல்லியளுக்கெல்லாம் பேர் வைச்சு, சண்டை பிடிச்சா விலக்கி விடுறதும் அவள்தான்.

ஆனா ஒவ்வொரு நாளும் தேப்பன் தோட்டத்தாலை வரேக்கை ஒரே கேள்வி. "அப்பு, மிளகாய் எவ்வளவு உயரம்?"

அவன் முழங்காலிலை கையை வைச்சுக் காட்டுவான். பிறகொரு நாள் தொடையிலை வைச்சுக் காட்டினான். பழம் வரத் துவங்கினாப் பிறகு ஒரு பழத்தைக் கொண்டு வந்து கையிலை குடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, "ஒண்டைக் கண்டு நான் என்ன செய்யிறது. எல்லாத்தையும் ஒண்டாப் பாக்க வேணும்" எண்டாள். அவன் கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவினான்.

அந்த நேரம்தான் லண்டனிலை புது ராசாவுக்கு முடி சூட்ட நாள் வைச்சினம். ஊர் ஊரா ஞாபகச் சின்னம் எழும்பிச்சுது. அயலூரிலை மணிக்கூடு வைக்கினம் எண்டு கேள்விப்பட்ட முத்துக்குமாரருக்கு நித்திரை வரேல்லை. கொமிற்றி கூடி, முடிசூட்டு ஞாபகார்த்தச் சில்லுக் கதிரை ஒண்டைக் கொழும்பிலையிருந்து எடுப்பிக்கிறதெண்டும், நடக்கேலாத ஏழை ஒருவருக்கு அதைக் குடுக்கிறதெண்டும் தீர்மானிச்சுது. ஊரிலை நடக்கேலாத ஏழை எண்டா குணலட்சுமிதான். பொன்னம்பலத்தார் வந்து அவளைப் பாத்து, "நல்ல கேஸ்" எண்டு மெச்சிப் போட்டுப் போனார்.

கதிரை சுன்னாகம் ஸ்டேசனிலை வந்திறங்கிச்சுது. மேளத்தோடை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தினம். நீட்டி விட்டாக் கட்டில் மாதிரிச் சரியிற கதிரை. பிள்ளையை நேராப் படுக்க வைச்சு, காலும் அசையாமல் தள்ளிக்கொண்டு போகலாம். அதைக் கண்ட அண்டைக்குச் சீவரத்தினத்துக்குச் சோறு இறங்கேல்லை. தோட்டத்து வரம்பு இந்தச் சில்லுக்கு அகலம் காணுமோ எண்டு மண்வெட்டியோடை போய், இருட்டும் வரைக்கும் வரம்பை வெட்டி அகட்டிக்கொண்டு நிண்டான்.

அடுத்த நாள் விடிய, கதிரை வைச்சிருந்த பிறக்கிராசி முத்துக்குமாரர் வீட்டுக்குப் போனான். விறாந்தையிலை காரியதரிசி இருந்தார்.

"ஐயா, கதிரை வந்திட்டுது. பிள்ளையை ஒருக்காத் தோட்டத்தடிக்குக் கொண்டு போகலாமெண்டு..."

"சீவரத்தினம், நீர் விளங்காமல் கதைக்கிறீர். திறப்பு விழா வைக்காத கதிரையிலை ஆரும் இருக்கலாமோ?"

உள்ளை மண்டபத்திலை சில்லு உருளுற சத்தம் கேட்டுது. சீவரத்தினம் எட்டிப் பாத்தான். முத்துக்குமாரர் கதிரையிலை சரிஞ்சு கிடக்கிறார். கொமிற்றிக்காரர் ஒருத்தர் தள்ளுறார். இன்னொருத்தர் தன்ரை முறைக்காக வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிக்கிறார்.

"தலைவர் இருக்கிறாரே ஐயா."

"அவர் இருக்கேல்லை. பரிசோதிக்கிறார்" எண்டார் பொன்னம்பலத்தார். "பொதுச் சொத்து. கொமிற்றியிலை ஒவ்வொருத்தரும் பரிசோதிக்க வேணும். தலைவர் பாரமான ஆள். அவருக்கு ஒரு நாளிலை முடிவுக்கு வரேலாமல் கிடக்கு."

பரிசோதனை விழாவுக்கு முதல் நாள் வரைக்கும் நடந்தது. இதுக்கிடையிலை காரியதரிசி சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சீவரத்தினம் வீட்டுக்கு வந்தார். கையிலை ஒரு சோடி வெள்ளைக் கன்வசுச் சப்பாத்து.

"பரிசு பெறுபவர் வெள்ளைச் சப்பாத்து அணிந்திருத்தல் வேண்டும். இது பேரன்ரை, விழா முடியத் திருப்பித் தாரும். அடுத்தது, பரிசு பெறுபவர் தலைவருக்கு முன்னாலை நிமிர்ந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்குதல் வேண்டும்."

சீவரத்தினம் தனக்குத்தான் விளங்கேல்லை எண்டு நினைச்சான். "ஐயா, பிள்ளை நிக்கேலாது. நிக்கேலாதபடியாத்தானே கதிரை."

பொன்னம்பலத்தார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பாத்தார். அநியாயம் செய்யிற மனுசன் இல்லை அவர். "உம்மடை நியாயம் விளங்குது. ஆனா நிக்கேலாத ஆளுக்குப் பரிசு குடுக்கிறதைப் பற்றி இந்தப் புத்தகத்திலை ஒரு வசனம் இல்லை. நான் கொமிற்றியிலை கதைச்சுப் பாக்கிறன்."

கொமிற்றி பொழுதுபடத் துவங்கி விளக்கேத்தின பிறகும் கதைச்சுது. கடைசியிலை பெரிய மனசு பண்ணி ஒரு சலுகை காட்டிச்சினம். பிரசங்கம் நடக்கிற நேரம் பிள்ளை கட்டிலிலை படுத்துக் கிடக்கலாம். முடிவிலை ராசகீதம் பாடேக்கை எப்பிடியும் எல்லாரும் எழும்ப வேணும். அந்த ஒரு எழும்பலோடை கதிரையையும் வாங்கிப் போடலாம். ரண்டுக்கும் சேத்து ஒரு தரம் நிண்டாக் காணும். "ராசாவுக்கு ஒரு பாட்டு நேரம் நிக்கேலாத குடும்பமோ?" எண்டு தலைவரும் கேட்டாராம்.

"பாப்பம் ஐயா" எண்டான் சீவரத்தினம். எங்கடை பக்கத்திலை பெரியவைக்கு முன்னாலை இல்லையெண்டு சொல்ல வழியில்லாதவன் சொல்லுற சொல் அது. மலாயாவிலை கனகாலம் இருந்த மனுசன் சம்மதமெண்டு எழுதிக்கொண்டு போனார்.

தங்கமுத்து அடுப்படியிலை நிண்டு எல்லாத்தையும் கேட்டவள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை நிக்க விடுவியளோ?"

"விடன்."

"அப்ப ஏன் கொண்டு போறியள்?"

"நேரிலை கண்டா மனம் இரங்குவினம் தங்கமுத்து. படிச்ச மனுசர்."

"உவையளுக்கு மனம் எந்தப் பக்கம் இருக்கெண்டு கிறகோரி டொக்குத்தரைத்தான் கேக்க வேணும்" எண்டிட்டு அவள் சட்டியைக் கழுவினாள்.

கட்டிலிலை இருந்து குரல் வந்தது. "நான் நிப்பன் அப்பு. கண்ணை மூடிக்கொண்டு கெதியா நிண்டிட்டுப் படுத்திடுவன். டொக்குத்தருக்குச் சொல்லாதேங்கோ."

விழா பள்ளிக்கூட வளவிலை. ஏரம்புவும் இன்னும் மூண்டு பேரும் பிள்ளையைக் கட்டிலோடை தோளிலை தூக்கிக்கொண்டு வந்து மேடைக்கு முன்னாலை வைச்சினம். ரண்டு வெள்ளைச் சப்பாத்தும் வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டுது. மேடையிலை கதிரை, பட்டுப் போத்தி, மாலை போட்டு, சந்தனம் பூசி இருந்தது. தலைவருக்கு விழுந்த மாலையை விடக் கதிரைக்கு விழுந்த மாலை பெரிசு. அதுக்காக மாலை கட்டினவனைத் தலைவர் ஒரு பார்வை பாத்தார்.

பிறகு பேச எழும்பினார்.

"சபையோரே, இந்தப் பிள்ளையைப் பாருங்கோ. ஒண்டரை வருஷமாப் படுக்கை. ஆர் இதுக்காகக் கவலைப்பட்டது? எங்கடை சபை. எத்தினை கூட்டம் கூடிக் கவலைப்பட்டனாங்கள். ஒரு கூட்டத்திலையாவது ஆள் குறைஞ்சதோ? தேத்தண்ணி வடை குறைஞ்சதோ? இந்தக் கதிரை எவ்வளவு சொகுசெண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? ராத்திரி பகலா நான் அதிலை கிடந்து பாத்தனான். ஏன்? இந்தப் பிள்ளைக்கு முதுகு நோகக் கூடாது. இண்டைக்குச் சிலர் கேக்கினம், ஒரு பிள்ளைக்குத்தானே எண்டு. நான் சொல்லுறன், ஊரிலை இன்னும் இப்பிடிக் கனக்கப் பிள்ளையள் கிடக்க வேணும். அப்பத்தான் இந்தச் சபை வளரும்."

சனம் கை தட்டிச்சுது. தங்கமுத்து தட்டேல்லை. அவள் பிள்ளையின்ரை முகத்திலை மொய்ச்ச இலையானைக் கலைச்சுக்கொண்டிருந்தாள்.

ஆர்மோனியம் துவங்கிச்சுது. எல்லாரும் எழும்பிச்சினம். பொன்னம்பலத்தார் கதிரைக்குப் பக்கத்திலை விறைச்சு நிண்டுகொண்டு, புருவத்தாலை பிள்ளைக்குச் சைகை காட்டினார். குணலட்சுமி பட்டுப் போத்தின கதிரையை ஒருக்காப் பாத்தாள். ரண்டு முழங்கையையும் ஊண்டினாள். இடுப்பை மெல்லத் தூக்கினாள்.

சீவரத்தினம் அதுவரைக்கும் எல்லாரையும் போலத்தான் நிண்டவன். சால்வையும் இடுப்பிலைதான் இருந்தது. பிள்ளை முழங்கையை ஊண்டினதைக் கண்டான். உடனை கட்டில் சட்டத்திலை குந்தி இருந்தான். கையைக் குறுக்கை போட்டு அவளை அமத்திப் பிடிச்சான்.

"படு பிள்ளை."

"கதிரை, அப்பு."

"படு."

கலட்டிப்புலம் முழுக்க நிக்குது, அவன் ஒருத்தன் இருக்கிறான். பொன்னம்பலத்தார் மேடையாலை இறங்கி ஓடி வந்து, பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னார். "எழும்பும் ஐசே. ராசகீதம் போகுது."

"ராசாவுக்கு நிக்கிறதுக்கு இவ்வளவு பேர் இருக்கினம் ஐயா" எண்டான் சீவரத்தினம். "இவளோடை இருக்கிறதுக்கு நான்தான்."

பாட்டு முடிஞ்சுது. கதிரையை ஆரும் வாங்கேல்லை. மேடையிலை குசுகுசுத்தினம், புத்தகத்தைப் புரட்டிச்சினம். மூண்டு தரம் அழைத்தும் வராதவர் ஆட்டத்திலிருந்து விலகியவராகக் கருதப்படுவார் எண்டு ஒரு சட்டம் அம்பிட்டுது. தலைவர் ஆர்மோனியக்காரருக்குக் கை காட்டினார். ராசகீதம் ரண்டாந்தரமும் போச்சுது. சனம் திரும்ப எழும்பிச்சுது, சீவரத்தினம் இருந்தான். மூண்டாந்தரம் போகேக்கை கிழவர் சிலர் இருந்து எழும்பக் களைச்சு, நிண்டபடியே நிண்டினம். அவன் அப்பவும் இருந்தான். குணலட்சுமி விலகினவளெண்டு காரியதரிசி அறிவிச்சார். நன்றியுரையிலை கதிரைக்கும் நன்றி சொல்லி, பட்டோடை திரும்பக் கொண்டு போய்ப் பூட்டிச்சினம்.

ஒழுங்கைக்கு வரவும் பிள்ளை அழத் துவங்கினாள். சீவரத்தினம் முன்னுக்கு எட்டி நடந்து ஏரம்புவோடை சேந்தான். "தோட்டம் பாக்க ஆசைப்பட்டவள் ஏரம்பண்ணை. கதிரை கிடைச்சாத் தள்ளிக்கொண்டு போகலாமெண்டு பாத்தன்."

கட்டிலின்ரை முன்காலைத் தோளிலை வைச்சிருந்த ஏரம்பு அப்பிடியே நிண்டான். "தோட்டம் பாக்கவோ? அடே விசரா, அதுக்கு ஏன் உவங்களின்ரை வாசலிலை போய் நிண்டனீ? நாங்கள் நாலு பேர் செத்தே போனம்?"

கட்டில் வீட்டுப் பக்கம் போகேல்லை. அகட்டி வெட்டின வரம்பாலை, மிளகாய்க்கு நடுவிலை போச்சுது. செடி செடியாப் பழுத்துக் கிடந்தது. குணலட்சுமி அழுகையை விட்டிட்டு ரண்டு பக்கமும் மாறி மாறிப் பாத்தாள். "அப்பு, நீங்கள் காட்டின உயரம் பிழை" எண்டாள். அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா, ஏரம்பு ஆள் சேத்துக்கொண்டு வந்து படலையிலை நிப்பான்.

அடுத்த தைப்பொங்கல் கழிய, கிறகோரி டொக்குத்தர் காலை மடக்கி நிமித்திப் பாத்தார். எலும்பு இறுகிப் போச்சுதெண்டார். கால் ஒரு விரல்கடை கட்டை, கொஞ்சம் சரிஞ்சுதான் நடப்பாள், ஊண்டுகோல் தேவையில்லை. தங்கமுத்து ஆஸ்பத்திரி வாசலிலை இருந்து விக்கி விக்கி அழுதாள். பிள்ளை முற்றத்திலை சுவரைப் பிடிச்சுக்கொண்டு நடை பழகத் துவங்கினாள்.

செய்தி சபைக்குப் போச்சுது. மாசி வெயில் கொளுத்துற ஒரு மத்தியானம், பொன்னம்பலத்தார் கோட்டும் கழுத்துப் பட்டியுமாச் சில்லுக் கதிரையைத் தானே தள்ளிக்கொண்டு படலையடியிலை வந்து நிண்டார். வேர்வை ஆறாய் ஓடுது.

"சீவரத்தினம், நல்ல செய்தி. உம்மடை மகள் இப்ப நிக்கிறாளாம். சட்டப்படி கதிரை பெற முழுத் தகுதியும் வந்திட்டுது. கொமிற்றி ஏகமனதாத் தீர்மானிச்சிட்டுது."

"இப்ப அவளுக்குக் கதிரை தேவையில்லையே ஐயா."

"தேவையைப் பற்றிச் சட்டத்திலை ஒண்டுமில்லை" எண்டார் அவர்.

குணலட்சுமி சுவரை விட்டு வந்தாள். அவருக்கு முன்னாலை நிமிந்து நிண்டு, ரண்டு கையாலும் கதிரையைத் தொட்டு, குனிஞ்சு கும்பிட்டாள். பொன்னம்பலத்தாருக்கு முகம் மலர்ந்து போச்சுது. தன்ரை சீவியத்திலை இவ்வளவு ஒழுங்கா ஒரு பரிசளிப்பு நடந்ததில்லை எண்டார். திரும்பி நடக்கப் பாத்தார், கால் வரேல்லை. வேலியைப் பிடிச்சுக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இதிலை இருங்கோ ஐயா" எண்டாள் குணலட்சுமி. "என்ரை கதிரைதானே. நான் தள்ளிக்கொண்டு வந்து விடுறன்."

அவர் ஒழுங்கையின்ரை ரண்டு பக்கமும் பாத்தார். ஆரும் இல்லை. இருந்தார். இருந்த உடனை கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டு, கதிரை பாவனைக்கு வந்திட்டுதெண்டு ஆண்டறிக்கையிலை எழுத வேணுமெண்டார். சீவரத்தினம் ஒரு பக்கப் பிடியைப் பிடிச்சான். மற்றப் பிடியிலை இருந்தது பிள்ளையின்ரை ரண்டு கையும்.

ஒழுங்கை முழுக்கக் காரியதரிசி சபையின்ரை சேவையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு போனார். சீவரத்தினத்தின்ரை காதிலை ஒண்டும் விழேல்லை. அவன் பிள்ளையின்ரை காலைத்தான் பாத்துக்கொண்டு போனான். வலது கால் ஊண்டேக்கை உடம்பு கொஞ்சம் சரியுது, பிறகு நிமிருது, திரும்பச் சரியுது. பாதி வழியிலை, "நோகுதோ பிள்ளை, இருந்திட்டுப் போவமோ?" எண்டு கேட்டான்.

"வேண்டாம் அப்பு" எண்டாள். பொன்னம்பலத்தார் வீட்டுப் படலை வரைக்கும் அவள் ஒரு இடத்திலையும் இருக்கேல்லை.